டெக் சூட்: 2010-ல் தடை செய்தது எதை, இன்று கடையில் விற்பது எதை?

ஏழாம்_லேன் எழுதியது:

ஒரு குழப்பம், விவரம் தெரிந்தவர்கள் தீர்த்து வையுங்கள். "ஹைடெக் நீச்சல் உடைக்குத் தடை" என்று 2009-லிருந்து படித்துக்கொண்டே இருக்கிறோம். ஆனால் இன்றைக்கும் பெரிய மீட் (போட்டி) எதைப் பார்த்தாலும், குதிக்கும் பிளாக் மேல் நிற்கிற எல்லோரும் தோலோடு ஒட்டிய, விலை இருபதாயிரத்தைத் தாண்டுகிற டெக் சூட்டில்தான் நிற்கிறார்கள். அப்படியானால் தடை எதற்கு? கோடு எங்கே போட்டிருக்கிறார்கள், துல்லியமாக?

அடுத்தது சாதனைகள். 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஜெர்மனியின் பால் பீடர்மானின் 1:42.00 இன்னும் நிற்கிறது. அது முழுக்க சூட்டின் வேலையா? அப்படியென்றால் அந்தக் காலத்துச் சாதனைகளை ஏன் அழிக்கவில்லை?

கடைசியாக நடைமுறைக் கேள்வி. 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு டெக் சூட் வாங்கலாமா என்று கிளப்பில் பெற்றோர் கேட்கிறார்கள். முதல் தடவை போடும்போதே கிழிந்துவிட்டது என்ற புகாரும் அடிக்கடி வருகிறது. போடும் முறை, பராமரிப்பு பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் நல்லது.

---

நூலிழை எழுதியது:

துணிப் பக்கத்தை நான் சொல்கிறேன். தடை வேகத்துக்கு அல்ல, எதுவும் ஊடுருவாத தோலுக்கு.

2008 பிப்ரவரியில் ஸ்பீடோ எல்இசட்ஆர் ரேசர் வந்தது. அடிப்படை நைலானும் இழுபடும் எலாஸ்டேன் இழையும் சேர்ந்த நெசவுத் துணி. அதன்மேல், தண்ணீர் அதிகம் இழுத்துப் பிடிக்கும் இடங்களில் பாலியூரிதேன் என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக் பட்டைகள். ஊசியும் நூலும் கிடையாது; மூட்டுகளை அல்ட்ராசோனிக் முறையில் உருக்கி ஒட்டினார்கள். துணிகளை நாசாவின் லாங்லி மையத்தில் காற்றுச் சுரங்கத்தில் சோதித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் விழுந்த 25 உலக சாதனைகளில் 23 இந்த சூட்டில்.

மற்ற நிறுவனங்கள் போட்ட கணக்கு எளிது. பாதிப் பாலியூரிதேனே இவ்வளவு கொடுத்தால், முழுதாகப் போட்டால்? அரீனா எக்ஸ்-கிளைட், ஜேக்கட் 01 இரண்டும் அப்படி வந்தவைதான். தறியும் பின்னல் எந்திரமும் பார்க்காத பொருளைத் துணி என்று எப்படிச் சொல்வது? அது மெல்லிய படலம், அவ்வளவுதான்.

அந்தப் படலம் செய்கிற வேலை மூன்று. தண்ணீரை உறிஞ்சாது, உள்ளே சிக்கிய காற்றையும் விடாது. அதனால் உடம்பு கொஞ்சம் மேலே மிதக்கும், தண்ணீரை முட்டும் முகப்புப் பரப்பு குறையும். சதையை இறுக்கிப் பிடித்து, குலுங்காமல் உருளையாக்கும். மேற்பரப்பு வழவழப்பு, உராய்வு குறைவு. இதில் முதல் இரண்டும்தான் பெரிய லாபம். களைத்தவுடன் இடுப்பு இறங்குமே, அந்தக் கடைசி 50 மீட்டரில் சூட்டே இடுப்பைத் தாங்கிப் பிடிக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சூட் போட்டால் நடுவிலும் காற்று சிக்கும் என்று கண்டுபிடித்து, 2008 டிசம்பரில் ரியேகா ஐரோப்பிய ஷார்ட் கோர்ஸ் (25 மீட்டர் குளம்) போட்டி வரைக்கும் அப்படியே நீந்தினார்கள். 2009 மார்ச்சில்தான் "ஒருவருக்கு ஒரு சூட்" என்று விதி வந்தது.

இனி நீங்கள் கேட்ட கோடு. 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது இது: பொருள் துணியாக இருக்க வேண்டும். தடிமன் 0.8 மி.மீ.க்கு மேல் கூடாது. மிதப்பு விசை 0.5 நியூட்டனுக்கு மேல் கூடாது. ஏறக்குறைய 50 கிராம் எடையைத் தூக்குகிற விசை. துணியை எல்லாப் பக்கமும் 25 சதவீதம் இழுத்துப் பிடித்த நிலையில், ஊடுருவும் அளவு சதுர மீட்டருக்கு நொடிக்கு 80 லிட்டருக்கு மேல் இருக்க வேண்டும். ஜிப் கூடாது. ஆண்களுக்குத் தொப்புளுக்கு மேலேயும் முட்டிக்குக் கீழேயும் போகக் கூடாது. பெண்களுக்குத் தோளிலிருந்து முட்டி வரை, கழுத்தை மூடாமல், தோளைத் தாண்டாமல்.

பாலியூரிதேனைக் கொன்றது அந்த 80 லிட்டர்தான். எவ்வளவு மெல்லியதாகச் செய்தாலும் மூடிய படலம் அந்தச் சோதனையில் தேறாது.

இன்று விற்பது இந்தக் கோட்டுக்குள் நின்றுகொண்டு செய்கிற வித்தை. பாவும் ஊடும் மிக நெருக்கமாகப் போட்ட மெல்லிய நெசவு, சிலவற்றில் கார்பன் இழை, தையலுக்குப் பதில் ஒட்டுப் பட்டை, மேலே தண்ணீர் ஒட்டாத பூச்சு. இறுக்கத்துக்கு விதியில் அளவே இல்லை என்பதால் எல்லாரும் அங்கேதான் விளையாடுகிறார்கள். எனவே ஹைடெக் ஒழியவில்லை, மிதவை மட்டும் ஒழிந்தது.

சுறாத்தோல் கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். 2000-ல் ஃபாஸ்ட்ஸ்கின் வந்தபோது சுறாவின் தோல் செதில்களைப் பார்த்துச் செய்தது என்று விளம்பரம். ஹார்வர்டில் ஜார்ஜ் லாடரின் ஆய்வகம் 2012-ல் நிஜச் சுறாத்தோலையும் அந்தத் துணியையும் தண்ணீரில் ஆட்டிப் பார்த்தது. தோல் வேகத்தைக் கூட்டியது. துணியின் மேற்பரப்பில் நிலையான லாபம் எதுவும் தெரியவில்லை. அந்த சூட்டில் பலன் இருந்தது என்றால் அது இறுக்கத்தின் பலன்.

---

ஸ்டாப்வாட்ச் எழுதியது:

சாதனைப் பகுதிக்கு வருகிறேன். பீடர்மானை எடுத்துக்கொண்டது நல்ல தேர்வு. அவருக்கு சூட்டுக்கு முன், சூட்டோடு, சூட்டுக்குப் பின் என்று மூன்று நேரங்களும் பதிவில் இருக்கின்றன.

பெய்ஜிங் 2008: 200 ஃப்ரீயில் 1:46.00, ஐந்தாம் இடம். ரோம் உலகப் போட்டி 2009, எக்ஸ்-கிளைடில்: 1:42.00, உலக சாதனை. பழைய எல்இசட்ஆரில் நீந்திய ஃபெல்ப்ஸ் 1:43.22-ல் இரண்டாவது. தடைக்குப் பின் புடாபெஸ்ட் 2010 ஐரோப்பியப் போட்டியில் 1:46.06, தங்கம். ஷாங்காய் 2011 உலகப் போட்டியில் 1:44.88, வெண்கலம்.

இதை இழுவைக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். தண்ணீரில் செலவாகும் திறன் ஏறக்குறைய வேகத்தின் முப்படிக்கு ஏறும். 106 நொடி 102 நொடியானது வேகத்தில் 3.9 சதவீதம்; முப்படியில் 12 சதவீதம். ஆக, ஒன்று அவர் 12 சதவீதம் கூடுதல் திறன் கொடுத்திருக்க வேண்டும், அல்லது இழுவை சுமார் 11 சதவீதம் குறைந்திருக்க வேண்டும், அல்லது இரண்டும் கலந்து. உச்ச நிலையில் இருக்கிற ஒருவரின் திறன் ஒரே ஆண்டில் 12 சதவீதம் ஏறி, அடுத்த ஆண்டே இறங்குவது நடக்காத காரியம். 2011-ன் 1:44.88-ஐ அவருடைய நிஜ மேம்பாடு என்று எடுத்துக்கொண்டாலும், மிச்சம் 2.9 நொடி. சூட் எனக்கு சுமார் இரண்டு நொடி கொடுத்தது என்று அவரே ரோமில் ஒத்துக்கொண்டார். ஒளிவுமறைவு இல்லாத மனிதர்.

ஃபெல்ப்ஸ் தோற்றதால்தான் தடை வந்தது என்று ஒரு பேச்சு உண்டு. தேதி ஒத்துவராது. உலக நீச்சல் சங்கமான ஃபினாவின் மாநாடு 168-க்கு 6 என்ற வாக்கில் துணிக்குத் திரும்ப முடிவெடுத்தது ஜூலை 24-ல். அந்தப் பந்தயம் நடந்தது ஜூலை 28-ல். தோல்விக்குப் பின் ஃபெல்ப்ஸின் கோச் பாப் போமன் சர்வதேசப் போட்டிகளிலிருந்தே விலக்குவோம் என்று மிரட்டியது, எப்போதிலிருந்து அமல் என்பதைப் பற்றி. ரோமில் அந்த எட்டு நாள் போட்டியில் மொத்தம் 43 உலக சாதனைகள் விழுந்தன. மைக்கில் அறிவிப்பவருக்கே அலுத்துப் போயிருக்கும்.

அந்தச் சாதனைகள் விழுந்த வரிசையும் கவனிக்க வேண்டியது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக் சீக்கிரமே போனது. ஆண்கள் 100-ல் ரிக்கார்டின் 58.58-ஐ 2012 லண்டனிலேயே வான் டெர் பர்க் 58.46 ஆக்கிவிட்டார்; பிறகு பீட்டி 2019-ல் 56.88 வரை இறக்கினார். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் உடம்பு ஏறி இறங்குவதால் மிதப்பின் லாபம் ஆரம்பத்திலிருந்தே குறைவு. ஃப்ரீஸ்டைல் அப்படி இல்லை. 100 ஃப்ரீயில் சியேலோவின் 46.91-ஐ 2022-ல்தான், அதே ரோம் குளத்தில், பொபோவிச்சி 46.86-ல் தாண்டினார், இரண்டே ஆண்டில் பான் ஜான்லே பாரிஸில் 46.40. பெண்கள் 200 ஃப்ரீயில் பெல்லெகிரினியின் 1:52.98 விழுந்தது 2023-ல். 400-ல் பீடர்மானின் 3:40.07-ஐ 2025 ஏப்ரலில் மார்டென்ஸ் 3:39.96 ஆக்கினார். 2025 முடிய நின்ற தனிநபர் சாதனைகள்: 200 ஃப்ரீ, 50 ஃப்ரீயில் சியேலோவின் 20.91, 800 ஃப்ரீயில் ஜாங் லின்னின் 7:32.12, 200 பேக் ஸ்ட்ரோக்கில் பியர்சாலின் 1:51.92, பெண்கள் 200 பட்டர்ஃப்ளையில் லியூ ஸீகேவின் 2:01.81. பெரும்பாலும் 200-உம் அதற்கு மேலும். இடுப்பு இறங்குகிற தூரங்கள். நூலிழை சொன்னதோடு பொருந்துகிறது.

ஆனால் "துணியிலேயே தாண்டிவிட்டார்கள், ஆகவே சூட்டில் ஒன்றுமில்லை" என்று வாதம் செய்யாதீர்கள். இடையில் ஸ்டார்ட்டிங் பிளாக்கில் பின்காலை ஊன்றும் சாய்பலகை வந்தது. பேக் ஸ்ட்ரோக்குக்குக் கால் வழுக்காத தொங்கு பட்டை வந்தது. சுவரைத் தள்ளியபின் 15 மீட்டர் வரை டால்ஃபின் கிக் அடிப்பது தனிக் கலையாகவே வளர்ந்தது. இதெல்லாம் 2009-ல் இருந்திருந்தால் அந்த நேரங்கள் இன்னும் கீழே போயிருக்கும்.

---

எதிர்நீச்சல் எழுதியது:

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்களே சொல்லிவிட்டீர்கள்: சாய்பலகை வந்தது, தொங்கு பட்டை வந்தது. ஆழமான குளம், அலையை விழுங்கும் லேன் கயிறு, கண்ணாடி எல்லாமே கருவிகள்தான். அதையெல்லாம் ஏற்றுக்கொண்டு சூட்டை மட்டும் பாவம் என்பது என்ன நியாயம்?

பணக்கார நாட்டுக்கு மட்டும் சாதகம் என்றார்கள். எல்இசட்ஆர் 2008-ல் சுமார் 550 டாலர். இன்று "வெறும் துணி"யில் முதல் வரிசை சூட் பெண்களுக்கு ஏறக்குறைய அதே விலைக்கு விற்கிறது. சமத்துவம் எங்கே வந்தது? போதாக்குறைக்குப் பாலியூரிதேன் சூட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கொடுத்தது ஃபினாவேதான். 2009 ஏப்ரலில் பிரான்சின் பெர்னார் 100 ஃப்ரீயில் 46.94 நீந்தினார், சூட்டுக்கு அப்போது ஒப்புதல் இல்லை என்று சாதனையாக ஏற்கவில்லை. ஜூனில் அதே வகை சூட்டுக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். ஜூலையில் தடை. நடுவர் நடுவில் தூங்கிவிட்டு ஆட்டக்காரனைக் குற்றம் சொல்கிற கதை இது.

---

ஸ்டாப்வாட்ச் எழுதியது:

@எதிர்நீச்சல், ஒப்புதல் குளறுபடியில் உங்கள் பக்கம்தான் நானும். பெர்னாருக்கு நடந்தது அநியாயம். விலை வாதமும் சரி. தடையால் விலை இறங்கவில்லை.

ஆனால் லேன் கயிறும் பிளாக்கும் எட்டுப் பேருக்கும் ஒரே மாதிரி. சூட் அப்படி இல்லை. ஏற்கனவே மெலிந்து, இயல்பாகவே தட்டையாக மிதக்கிறவருக்கு அது கொடுத்தது கொஞ்சம். கனமான, இடுப்பு தாழ்கிற உடலுக்கு நிறைய. பயிற்சியால் சரிசெய்ய வேண்டிய குறையைக் கடையில் வாங்கி மூடுவது அது. அதோடு ஸ்பான்சர் ஒப்பந்தம். ஜப்பான் அணி மிசுனோ, அசிக்ஸ், டெசான்ட் மூன்றோடு கட்டுண்டிருந்தது. 2008 ஜூனில் கிடாஜிமா எல்இசட்ஆர் போட்டு 200 பிரெஸ்டில் 2:07.51 என்று உலக சாதனை வைத்த பிறகுதான் பெய்ஜிங்குக்கு எதை வேண்டுமானாலும் போடலாம் என்று அவிழ்த்துவிட்டார்கள். நாலு வருடப் பயிற்சியை எந்த நிறுவனம் கையெழுத்து வாங்கியது என்பது தீர்மானிக்கக் கூடாது.

சாதனைகளை ஏன் அழிக்கவில்லை என்றால், அன்றைய விதிப்படி அவை செல்லும். செய்திருக்கக்கூடியது வேறொன்று. ஆண்கள் ஈட்டி எறிதலில் ஹோன் 1984-ல் 104.80 மீட்டர் எறிந்தார். 1986-ல் ஈட்டியின் எடை மையத்தை முன்னே தள்ளி, சாதனைப் பட்டியலையே புதிதாகத் தொடங்கினார்கள். பழையதை யாரும் திருட்டு என்று சொல்லவில்லை, தனியாக வைத்துவிட்டார்கள். நீச்சலில் அப்படித் தொடங்கியிருந்தால் 2010-க்குப் பின் வந்த ஒரு தலைமுறை வீரர்களுக்கு உரிய மரியாதை கிடைத்திருக்கும். தடைக்குப் பின் நீண்ட குளத்தில் (50 மீட்டர்) முதல் உலக சாதனை வர 2011 ஜூலை வரை ஆனது: லாக்டி, 200 ஐஎம் (நான்கு பாணியும் கலந்த பந்தயம்), 1:54.00.

---

குளத்தங்கரை எழுதியது:

பெரியவர்கள் சண்டை போடட்டும், நான் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன்.

12 வயது வரைக்கும் வேண்டாம். அமெரிக்காவில் 2020 செப்டம்பர் முதல் 12-உம் அதற்குக் கீழும் உள்ளவர்கள் பொதுவான போட்டிகளில் டெக் சூட் போடவே கூடாது என்று விதி. அங்கே இருக்கிற நம் ஊர்க் குடும்பங்கள் இதைத் தெரியாமல் வாங்கி ஏமாறுவது உண்டு. அவர்கள் வகுத்த வரையறை இங்கே கடையில் நிற்கும்போதும் உதவும்: மூட்டுகள் ஒட்டியோ பட்டை வைத்தோ இருந்தால் அது டெக் சூட், நெசவுத் துணி இடுப்பெலும்பைத் தாண்டிக் கீழே வந்தாலும் டெக் சூட். பின்னல் துணியில், நூல் தையலோடு, முட்டியைத் தாண்டாமல் இருந்தால் சாதாரண சூட், தாராளமாகப் போடலாம். உட்பக்கம் திருப்பிப் பாருங்கள். பளபளவென்று தட்டையான பட்டை ஓடினால் ஒட்டு மூட்டு. துணி பனியன் மாதிரி தாராளமாக இழுபட்டால் பின்னல். காகிதம் மாதிரி மொடமொடப்பாக, முரண்டு பிடித்தால் நெசவு.

விதி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வயதில் ஆறு மாதத்தில் பிள்ளை வளர்ந்துவிடும், சூட் வளராது. அதே பணத்துக்கு நல்ல கண்ணாடியும் ஒரு சீசன் பயிற்சிக் கட்டணமும் வரும். டர்னில் சுவரைவிட்டு ஒரு மீட்டர் முன்பே திரும்பி, தள்ளுவதற்குக் கால் எட்டாத பிள்ளைக்கு எந்த சூட்டும் அந்த நேரத்தைத் திருப்பித் தராது.

14, 15 வயதில் மாநில அளவுக்குப் போகிறவர்களுக்கு வாங்கினால், கவனிக்க வேண்டியவை. சைஸ் எடுக்கும்போது பயிற்சி சூட்டின் எண்ணை நம்பாதீர்கள். டேப் வைத்து இடுப்பு, சீட், பெண்களுக்கு மார்பும் தோளிலிருந்து கவட்டை சுற்றி வரும் நீளமும் எடுத்து, அந்த நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அரீனாவின் 26-உம் மிசுனோவின் அளவும் ஒன்றல்ல. இரண்டு சைஸுக்கு நடுவில் வந்தால் முதல் சூட்டுக்குப் பெரியதை எடுங்கள். சின்னதாக வாங்கித் தொடை மரத்துப் போனால் கிக்கே வராது. பெரிதானதற்கு அடையாளம் இடுப்பின் பின்பள்ளத்தில் மடிப்பு விழுவது. டைவில் அங்கேதான் தண்ணீர் புகுந்து பை மாதிரி உப்பும்.

போடும் முறை. உடம்பு முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோலில் துணி நகராது, அங்கேதான் இழுத்துக் கிழிக்கிறார்கள். மோதிரம், வளையல் கழற்றி, நகம் வெட்டி, முடிந்தால் மெல்லிய பருத்திக் கையுறை. பாதத்தில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டால் கால் வழியே வழுக்கிக்கொண்டு வரும். முதலில் கால் பகுதியை மட்டும், விரல் நுனிச் சதையால் துணியை ஒரு அங்குலம் ஒரு அங்குலமாகக் கிள்ளி ஏற்றுங்கள். மூட்டையும் கால் விளிம்புப் பட்டையையும் பிடித்து இழுக்கவே கூடாது. கிழிசல் எல்லாம் அங்கேதான் தொடங்கும். இரண்டு காலும் கவட்டை வரை முழுசாக ஏறிய பிறகுதான் இடுப்பைத் தாண்ட வேண்டும். பாதி ஏறிய நிலையில் இடுப்புக்கு மேல் இழுத்தால் பின்பக்க நடு மூட்டு பிளக்கும். 2009 ரோமில் ரிலே ஹீட்டில் (தகுதிச் சுற்று) அமெரிக்க வீரர் ஒருவருக்கே உலகம் பார்க்கப் பிளந்தது. பெண்கள் சூட்டுக்குத் தோள் பட்டையைக் கடைசியில், இன்னொருவர் உதவியோடு. முதல் தடவை 20, 30 நிமிடம் ஆகும். அந்தத் தடவை போட்டி நாளாக இருக்கக் கூடாது.

வார்ம்-அப் பழைய சூட்டில். பந்தயம் முடிந்ததும் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். சோப்பு, பிழிதல், வாஷிங் மெஷின், வெயில் எதுவும் கூடாது. துண்டில் வைத்துச் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் படுக்கப் போட்டுக் காயவிடுங்கள். எலாஸ்டேனைத் தின்பது குளோரின். மேல்பூச்சைத் தின்பது தேய்ப்பு. பூச்சு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் சரி, பரவி ஊறினால் போய்விட்டது. பத்துப் பன்னிரண்டு பந்தயத்துக்கு மேல் புதுசு மாதிரி எதிர்பார்க்க வேண்டாம். அதனால் ஹீட்டுக்குப் பழையதும் ஃபைனலுக்குப் புதியதும் என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

---

ஏழாம்_லேன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சின்னச் சந்தேகம். ஒரே நாளில் 100 பிரெஸ்டும் 200 ஐஎம்மும் இருந்தால், நடுவில் ஒன்றரை மணி நேரம் இடைவெளி என்றால், கழற்றிவிட்டு மறுபடி போடணுமா? சூட்டில் ஒப்புதல் முத்திரை இருக்கிறதா என்று யார் பார்ப்பார்கள்?

---

குளத்தங்கரை எழுதியது:

பெண்கள் சூட் என்றால் கழற்ற வேண்டாம், தோள் பட்டையை மட்டும் இறக்கிவிட்டு மேலே துண்டோ டி-ஷர்ட்டோ போட்டு உட்காரட்டும். ஈரத்தோடு மறுபடி ஏற்றுவதில்தான் பாதி சூட் போகிறது. ஜாம்மரை (ஆண்கள் போடும் முட்டி வரை வரும் சூட்) கால் விளிம்பில் இரண்டு விரல் மேலே ஏற்றிவிட்டால் போதும். கால் மரத்தால், அல்லது இடைவெளி இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் கழற்றிவிடுங்கள்.

பிரெஸ்ட் ஸ்ட்ரோக்காரருக்கு மிக இறுக்கமான மாடல் வாங்காதீர்கள். முட்டியை மடக்கிக் குதிகாலை இடுப்புக்கு இழுக்கும்போது தொடையின் முன்பக்கத் துணி எதிர்க்கும், கிக் குறுகிப்போகும். கடையிலேயே போட்டுக்கொண்டு தரையில் குந்தி உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அடுத்த மாடல்.

முத்திரை சூட்டின் வெளிப்புறத்திலேயே அச்சிட்டிருக்கும், ஒரு குறியீட்டு எண்ணோடு. பழையதில் ஃபினா என்றும் புதியதில் அதே சங்கத்தின் புதுப் பெயரான வேர்ல்ட் அக்வாடிக்ஸ் என்றும் இருக்கும். எந்த மாடலுக்கு ஒப்புதல் என்ற பட்டியலைச் சங்கமே இணையத்தில் வைத்திருக்கிறது; பணம் கட்டும் முன் அந்த எண்ணை அதில் ஒப்பிட்டுவிடுங்கள். முத்திரை கேட்கிற மீட்டில், பந்தயத்துக்கு முன் வீரர்களை அழைத்து வைக்கும் அறையில் (கால் ரூம், call room) பார்ப்பார்கள். அங்கே போன பிறகு மாற்றிக்கொண்டு வர அரை மணி நேரம் யாரும் தர மாட்டார்கள். பையில் ஒரு சாதாரண சூட் கூடவே இருக்கட்டும்.